சந்தைக்குப் போதுமான சிங்களம்: மரக்கறி வாங்கவும் விற்கவும்

வலிகாமம் வடக்கில் மீள்குடியேறிய ஒரு குடும்பத்தை எங்களுக்குத் தெரியும். பல வருடம் முகாமில் இருந்துவிட்டுச் சொந்தக் காணிக்கு வந்தவர்கள். பற்றை வெட்டி, கிணறு இறைத்து, விதை வெங்காயத்தைக் கடனுக்கு எடுத்து நட்டார்கள். முதல் போகம் நன்றாக வந்தது. ஐம்பது கிலோ மூட்டையாக எட்டு மூட்டை, மொத்தம் 400 கிலோ. தெற்கிலிருந்து வந்த லொறி தோட்டத்து வாசலிலேயே நின்றது.

வியாபாரி சிங்களத்தில் விலை சொன்னார். வீட்டு ஐயாவுக்குக் காதில் விழுந்தது எழுபது. வியாபாரி சொன்னது அறுபது. ஐயா தலையாட்டினார். நிறுத்து முடிந்ததும் வியாபாரி இன்னொரு சொல்லும் சொன்னார். ஐயா அதற்கும் தலையாட்டினார். நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ கழிவு என்பதே அந்தச் சொல்லின் பொருள்.

ஐயா மனதில் போட்ட கணக்கு 400 கிலோ, 70 ரூபாப்படி 28,000 ரூபா. கையில் கிடைத்தது 360 கிலோவுக்கு 60 ரூபாப்படி 21,600 ரூபா. வித்தியாசம் 6,400 ரூபா. அந்த வியாபாரியைக் குறை சொல்ல முடியாது. அவர் விலையையும் கழிவையும் வாய்விட்டுத்தான் சொன்னார். ஐயாவுக்கு இரண்டு சொல் விளங்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த இரண்டு சொல்லுக்காகவும், அவற்றோடு சேர்ந்த இன்னும் சில சொற்களுக்காகவும் இந்தப் பாடத்தைக் கைநூலில் சேர்த்திருக்கிறோம்.

யாருக்கு இந்தப் பாடம்?

2006 ஆகஸ்டில் மூடப்பட்ட ஏ9 வீதி போர் முடிந்த பின் திறந்ததிலிருந்து, குடாநாட்டு வெங்காயமும் பீற்றூட்டும் வாழைக்குலையும் மறுபடி தெற்கே போகின்றன. தம்புள்ளையிலிருந்து கரட்டும் போஞ்சியும் இங்கே வருகின்றன. திருநெல்வேலி, சுன்னாகம், மருதனார்மடம், கொடிகாமம் சந்தைகளில் தமிழே போதும். ஆனால் லொறியோடு வரும் வியாபாரியிடமும், நயினாதீவுக்குப் போக வரும் பயணிகளிடமும், நீங்கள் வைத்தியத்துக்கோ வேறு அலுவலுக்கோ அநுராதபுரம், மகரகம, கொழும்பு என்று போய் இறங்கும் இடத்துச் சந்தையிலும் சிங்களம் தேவைப்படும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். அரச அலுவலகத்தில் உங்கள் அலுவலைத் தமிழில் பார்ப்பது உங்கள் உரிமை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்துக்குப் பின் அரசியலமைப்பில் தமிழும் ஓர் அரச கரும மொழி. அங்கே சிங்களம் தெரியவில்லை என்று நீங்கள் கூசத் தேவையில்லை. 1956ஐ நினைவில் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு "சிங்களம் படியுங்கள்" என்ற பேச்சு எப்படிக் கேட்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும். இந்தப் பாடம் அதற்காக அல்ல. உங்கள் வெங்காயத்துக்குரிய காசு உங்கள் கைக்கு வரவேண்டும் என்பதற்காக.

புத்தளம், வவுனியாப் பக்கம் இருந்து திரும்பிய குடும்பங்களில் நல்ல சிங்களம் பேசுபவர்கள் பலர் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலோ அயலிலோ அப்படி ஒருவர் இருந்தால் இந்தப் பக்கங்களை அவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். காதால் கேட்பதுபோல் எழுத்து வராது.

வாசிக்கும் முறை

சிங்களச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். நான்கு விடயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது: 'எக்க', 'தெக்க' என்று இரட்டித்து எழுதியிருப்பது அந்த ஒலி வல்லினம் என்று காட்டத்தான். அழுத்தாமல் இலேசாகச் சொல்லுங்கள்.

இரண்டாவது: 'தென்ன' (தாருங்கள்) என்பதில் வரும் தகரம் 'தெய்வம்' என்பதில் வருவதுபோல மென்மையானது. 'கணன்', 'கன்னே' என்பவற்றின் ககரம் 'காந்தி' என்பதில் வருவதுபோல. 'பே', 'பாகயக்', 'பிலக்' என்பவற்றின் பகரம் 'பஸ்' என்பதில் வருவதுபோல.

மூன்றாவது: தமிழில் இல்லாத ஓர் உயிரொலி சிங்களத்தில் உண்டு. அகரத்துக்கும் எகரத்துக்கும் நடுவில், ஆட்டுக்குட்டி கத்துவதுபோல வாயை அகலத் திறந்து சொல்ல வேண்டும். இந்தப் பாடத்தில் நே (இல்லை), பே (முடியாது), வெடிய் (கூட), நெவும் (புதிது), கெரட் (கரட்), ஹெட்ட (60), ஹெத்தேவ (70) ஆகிய சொற்களில் அந்த ஒலி வருகிறது. நாங்கள் இதை 'ஆட்டு ஒலி' என்று சொல்வோம். பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் மறக்காது.

நான்காவது: விலை சொல்லும்போது எண்ணின் கடைசியில் ஒரு 'ய்' ஒட்டும். பனஹ என்றால் 50. "பனஹய்" என்றால் "ஐம்பது ரூபா". அதை வேறு சொல் என்று நினைக்க வேண்டாம்.

முதலில் எண்கள்

மரக்கறிப் பெயர் தெரியாவிட்டால் விரலால் காட்டலாம். எண்ணை விரலால் காட்டி எழுபதுக்கும் அறுபதுக்கும் பேரம் பேச முடியாது. ஆகவே வேறெதைப் படிக்காவிட்டாலும் எண்களைப் படியுங்கள்.

எக்க – 1
தெக்க – 2
துன – 3
ஹத்தர – 4
பஹ – 5
ஹய – 6
ஹத்த – 7
அட்ட – 8
நமய – 9
தஹய – 10
விஸ்ஸ – 20
விசிப்பஹ – 25
திஹ – 30
ஹத்தலிஹ – 40
பனஹ – 50
ஹெட்ட – 60
ஹெத்தேவ – 70
அசூவ – 80
அனூவ – 90
சீய – 100
எக்கசிய பனஹ – 150
தெசீய – 200
துன்சீய – 300
ஹாரசீய – 400
பன்சீய – 500
ஹயசீய – 600
ஹத்சீய – 700
அட்டசீய – 800
தாஹ – 1,000
தெதாஹ – 2,000
பன்தாஹ – 5,000

ஒரு நாளைக்கு ஐந்து எண் போதும். வீட்டில் இருக்கும் நாணயத்தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து அதன் பெயரைச் சொல்லிப் பழகுங்கள். பஸ் இலக்கம், வீட்டு இலக்கம், தொலைபேசி இலக்கம் என்று கண்ணில் படுவதையெல்லாம் சொல்லிப் பார்க்கலாம்.

மயக்கும் எண்கள்

பணம் போவது பெரும்பாலும் இங்கேதான். ஐந்து இடங்களில் கவனம் வேண்டும்.

ஹெட்ட (60), ஹெத்தேவ (70): இரண்டும் ஒரே மாதிரித் தொடங்கும். கடைசியைக் கேளுங்கள். '-தேவ' என்று நீண்டால் 70. சட்டென்று முடிந்தால் 60. மேலே சொன்ன ஐயாவுக்கு நடந்தது இதுதான்.

ஹத்தர (4), ஹத்த (7): 'ர' கேட்டால் நான்கு. கேட்காவிட்டால் ஏழு.

ஹாரசீய (400), ஹத்சீய (700): 'ஹா' என்று நீண்டால் 400.

தஹய (10), தாஹ (1,000): முதலெழுத்து நீண்டால் ஆயிரம்.

ஹெட்ட, ஹெட்ட: ஆட்டு ஒலியோடு சொன்னால் அறுபது. சாதாரண எகரத்தோடு சொன்னால் 'நாளை'. "சல்லி ஹெட்ட" என்று வியாபாரி சொன்னால் அவர் அறுபது ரூபா தருவதாகச் சொல்லவில்லை. "காசு நாளைக்கு" என்கிறார்.

சந்தேகம் வந்தால் எண்ணைப் பிரித்துக் கேளுங்கள். 'பிந்துவ' என்றால் பூச்சியம். "ஹயய் பிந்துவத?" என்றால் "ஆறும் பூச்சியமுமா?" என்று பொருள். தொலைபேசி இலக்கம் சொல்வதுபோல இப்படிக் கேட்பதை யாரும் தவறாக எடுக்கமாட்டார்கள். அதைவிடச் சுலபமான வழி, கைத்தொலைபேசியில் எண்ணைத் தட்டிக் காட்டுவது. இலக்கம் இரண்டு மொழிக்கும் ஒன்றுதான்.

வாங்கும்போது

கீயத? – எவ்வளவு?
மேக்க கீயத? – இது எவ்வளவு?
கிலோ எக்க கீயத? – ஒரு கிலோ எவ்வளவு?
ஒக்கொம கீயத? – எல்லாமாக எவ்வளவு?
தியெனவத? – இருக்கிறதா?
கணன் வெடிய் – விலை கூட
டிக்கக் அடு கரன்ன – கொஞ்சம் குறையுங்கள்
கிலோ எக்கக் தென்ன – ஒரு கிலோ தாருங்கள்
கிலோ பாகயக் – அரைக் கிலோ
கிலோ காலக் – கால் கிலோ
எக்கஹமாரக் – ஒன்றரை
மேவா நெவும்த? – இவை புதியனவா?
அத கடாப்பு ஏவாத? – இன்று ஆய்ந்தவையா?
மம தோரகன்னத? – நான் தெரிந்து எடுக்கட்டுமா?
நரக் வெலா – பழுதாகிவிட்டது
மாரு சல்லி – மிச்சக் காசு
எப்பா – வேண்டாம்
ஓவ் – ஓம்
நே – இல்லை
ஹரி – சரி

'காலக்' என்பதில் எங்கள் 'கால்' இருக்கிறது. 'மாரு சல்லி'யில் 'மாற்று'வதும் 'சல்லி'யும் இருக்கின்றன. 'ஹரி'யில் 'சரி' இருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்த மொழிகள். நீங்கள் நினைப்பதைவிடக் கூடவே உங்களுக்குத் தெரியும்.

ஒரு பேச்சைப் பார்ப்போம். ஓர் அக்கா கரட் வாங்குகிறார்.

அக்கா: அய்யா, கெரட் கிலோ எக்க கீயத? (அண்ணை, கரட் கிலோ எவ்வளவு?)
கடைக்காரர்: தெசிய பனஹய். (250)
அக்கா: கணன் வெடிய். டிக்கக் அடு கரன்ன. (விலை கூட. கொஞ்சம் குறையுங்கள்.)
கடைக்காரர்: நெவும் கெரட் அக்கா. ஹரி, தெசிய விஸ்ஸய். (புதுக் கரட் அக்கா. சரி, 220.)
அக்கா: ஹரி. கிலோ பாகயக் தென்ன. மம தோரகன்னத? (சரி. அரைக் கிலோ தாருங்கள். நான் தெரிந்து எடுக்கட்டுமா?)
கடைக்காரர்: ஹரி, தோரகன்ன. (சரி, தெரிந்து எடுங்கள்.)
அக்கா: கீயத? (எவ்வளவு?)
கடைக்காரர்: எக்கசிய தஹயய். (110)

ஐந்நூறு ரூபாத் தாள் கொடுத்தால் மிச்சம் 390. அவர் "துன்சிய அனூவய்" என்று சொல்லித் தருவார். தாளைக் கொடுக்கும்போது நீங்களும் "பன்சீயய்" என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். எந்தத் தாள் கொடுத்தீர்கள் என்ற பேச்சு பிறகு எழாது.

மரக்கறியும் பழமும்

எளவளு – மரக்கறி
ரத்து லூனு – சின்ன வெங்காயம்
லொக்கு லூனு – பெரிய வெங்காயம்
சுது லூனு – உள்ளி
அமு மிரிஸ் – பச்சை மிளகாய்
அல, அர்த்தாப்பல் – உருளைக்கிழங்கு
வம்பட்டு – கத்தரிக்காய்
பண்டக்கா – வெண்டிக்காய்
பத்தோல – புடலங்காய்
கரவில – பாவற்காய்
வட்டக்கா – பூசணிக்காய்
மஞ்ஞொக்கா – மரவள்ளிக்கிழங்கு
இங்குரு – இஞ்சி
கரபிஞ்சா – கறிவேப்பிலை
பலத்துரு – பழவகை
அம்ப – மாம்பழம்
கெசெல் – வாழைப்பழம்
கொஸ் – பலாக்காய்
மிதி – முந்திரிகைப்பழம்
கொமடு – வத்தகப்பழம்
தெஹி – தேசிக்காய்
பொல் – தேங்காய்

தக்காளி, முருங்கா, கோவா, போஞ்சி என்பவற்றுக்குப் பாடமே தேவையில்லை. தமிழில் சொன்னாலும் விளங்கும்.

ஒரே ஒலி, வேறு பொருள்

தெரியாத சொல்லைவிடத் தெரிந்ததுபோல இருக்கும் சொல்தான் ஆபத்து. இவற்றைக் கட்டாயம் படியுங்கள்.

லாபய்: தமிழில் லாபம் என்றால் எங்களுக்கு வரும் ஆதாயம். சிங்களத்தில் 'லாபய்' என்றால் 'மலிவு'. கடைக்காரர் "லாபய், லாபய்" என்று கூவினால் "மலிவு, மலிவு" என்கிறார். உங்கள் பொருளைப் பார்த்து வியாபாரி தன் ஆளிடம் "லாபய்" என்று சொன்னால், நீங்கள் சொன்ன விலை சந்தை விலையைவிடக் குறைவு என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் அடுத்த மூட்டைக்கு விலை கூட்டிக் கேட்கலாம்.

பலா: சிங்களத்தில் 'பலா' என்பது கீரை. கொழும்பில் ஒருமுறை நான் "பலா தியெனவத?" என்று கேட்டபோது கடைக்கார அம்மா ஒரு கட்டுக் கீரையை எடுத்து நீட்டினார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, வாங்கிக்கொண்டு வந்தேன். பலாக்காய்க்குக் 'கொஸ்' என்று கேட்க வேண்டும்.

மல்லி: சிங்களத்தில் 'மல்லி' என்றால் தம்பி. கொத்தமல்லி வேண்டுமென்றால் 'கொத்தமல்லி' என்றே முழுதாகச் சொல்லுங்கள். அதே சொல்தான்.

அய்யா: நாங்கள் ஐயா என்பது பெரியவரை. சிங்களத்தில் 'அய்யா' என்பது அண்ணன்.

தாத்தா: சிங்களத்தில் அப்பா. உங்களைவிடக் கொஞ்சம் மூத்த கடைக்காரரைத் 'தாத்தா' என்று கூப்பிட வேண்டாம். அவருக்கு 'அய்யா'தான் பொருந்தும்.

கூப்பிடும் முறை

உங்களைவிட மூத்த ஆணுக்கு 'அய்யா', இளையவருக்கு 'மல்லி'. மூத்த பெண்ணுக்கு 'அக்கா', இளையவருக்கு 'நங்கி'. வயதான பெண்ணுக்கு 'அம்மா'. மொத்த வியாபாரிக்கு 'முதலாளி'. எந்த ஆணுக்கும் மரியாதையாகச் சொல்ல 'மஹத்தயா'. இப்படி ஒரு முறைப்பெயர் சொல்லித் தொடங்கினால் 'நீ', 'நீங்கள்' என்ற சொல்லைத் தேடவே தேவையில்லை. வினைச்சொல் 'தென்ன', 'கரன்ன' என்று 'ன்ன'வில் முடிந்தாலே மரியாதைதான்.

விற்கும்போது

வாங்கும்போது பிழைத்தால் ஒரு கிலோவில் பிழைக்கும். விற்கும்போது பிழைத்தால் ஒரு போகம் பிழைக்கும். ஆகவே இந்தப் பகுதியை வீட்டில் குறைந்தது இரண்டு பேராவது படித்திருங்கள்.

கீயட்டத கன்னே? – என்ன விலைக்கு எடுக்கிறீர்கள்?
அத லூனு கான கீயத? – இன்று வெங்காய விலை எவ்வளவு?
மே காணட்ட தென்ன பே – இந்த விலைக்குத் தர முடியாது
தவ டிக்கக் வெடி கரன்ன – இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள்
கிலோ கீயக் கப்பனவத? – எத்தனை கிலோ கழிப்பீர்கள்?
கொமிஸ் எக்க கீயத? – தரகு எவ்வளவு?
தராதிய பென்னன்ன – தராசைக் காட்டுங்கள்
ஆயெத் கிரன்ன – மறுபடி நிறுங்கள்
சல்லி அதம தெனவத? – காசு இன்றே தருவீர்களா?
நயட்ட தென்ன பே – கடனுக்குத் தர முடியாது
பிலக் தென்ன – பற்றுச்சீட்டுத் தாருங்கள்
லியலா தென்ன – எழுதித் தாருங்கள்

இதில் 'கப்பனவா' என்ற சொல்லை நன்றாக மனதில் வையுங்கள். 'வெட்டுவது' என்று பொருள். மூட்டை நிறை, மண், ஈரம், பழுது என்று சொல்லி நிறையில் வெட்டுவது. நூற்றுக்குப் பத்து என்று கழிவு எடுப்பது பற்றி எங்கள் சந்தைகளிலேயே விவசாயிகளின் முறைப்பாடு நெடுங்காலமாக உண்டு. ஆகவே விலை பேசும்போதே கழிவையும் பேசுங்கள். நிறுத்து லொறியில் ஏற்றிய பின் பேசிப் பயனில்லை.

அந்த ஐயாவின் வியாபாரம் இப்படி நடந்திருக்கலாம்:

வியாபாரி: லூனு கிலோ எக்க கீயத? (வெங்காயம் கிலோ எவ்வளவு?)
ஐயா: ஹெத்தேவய். (70)
வியாபாரி: வெடிய். ஹெட்டய். (கூட. 60.)
ஐயா: ஹயய் பிந்துவத? (ஆறும் பூச்சியமுமா?)
வியாபாரி: ஓவ். (ஓம்.)
ஐயா: மே காணட்ட தென்ன பே. தவ டிக்கக் வெடி கரன்ன. (இந்த விலைக்குத் தர முடியாது. இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள்.)
வியாபாரி: ஹரி, ஹெட்ட பஹய். (சரி, 65.)
ஐயா: கிலோ கீயக் கப்பனவத? (எத்தனை கிலோ கழிப்பீர்கள்?)
வியாபாரி: கிலோ சீயட்ட தஹயக். (நூறு கிலோவுக்குப் பத்து.)
ஐயா: தஹயக் வெடிய். (பத்து கூட.)
வியாபாரி: ஹரி, பஹய். (சரி, ஐந்து.)
ஐயா: சல்லி அதம தெனவத? (காசு இன்றே தருவீர்களா?)
வியாபாரி: ஓவ், அதம. (ஓம், இன்றே.)
ஐயா: லியலா தென்ன. (எழுதித் தாருங்கள்.)

380 கிலோவுக்கு 65 ரூபாப்படி 24,700 ரூபா. முதலில் கிடைத்ததைவிட 3,100 ரூபா கூட. எல்லா வியாபாரியும் இப்படி இறங்கி வருவார் என்று நாங்கள் சொல்லவில்லை. வராவிட்டாலும் என்ன விலை, என்ன கழிவு என்று தெரிந்துகொண்டு "ஹரி" சொல்வது வேறு, தெரியாமல் தலையாட்டுவது வேறு. பொருந்தாவிட்டால் "எப்பா" என்று சொல்லிவிட்டுச் சுன்னாகத்துக்கோ மருதனார்மடத்துக்கோ கொண்டுபோகும் வழியும் இருக்கிறது.

வியாபாரி வருவதற்கு முன்தினமே அயலில் யார் என்ன விலைக்குக் கொடுத்தார்கள் என்று விசாரியுங்கள். உங்கள் மூட்டைகளை வீட்டிலேயே ஒருமுறை நிறுத்து நிறையை எழுதிவையுங்கள். இரண்டு குடும்பம் சேர்ந்து ஒரே நாளில் விற்றால் பேரம் பேசவும் வசதி, சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூப்பிடவும் வசதி.

வியாபாரத்துக்குப் பயன்படுத்தும் தராசில் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் முத்திரை இருக்க வேண்டும். முத்திரையைப் பார்க்கக் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. கடையில் வாங்கும்போது நிறையிலோ விலையிலோ ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம்.

பயணிகளுக்கு விற்கும்போது

குறிகட்டுவான் வழியில், நல்லூர்ப் பக்கத்தில் மாம்பழமோ முந்திரிகைப்பழமோ வைத்து விற்கும் குடும்பங்களுக்கு ஐந்து வசனம் போதும்.

பெணி ரசய் – இனிப்பானது
இதிலாத? – பழுத்துவிட்டதா? (அவர்கள் கேட்பது)
தென் கன்ன புளுவன் – இப்போதே சாப்பிடலாம்
ஹெட்ட இதெய் – நாளைக்குப் பழுக்கும்
மே அபே கமே அம்ப – இவை எங்கள் ஊர் மாம்பழம்

பேச்சு முட்டினால்

மட்ட சிங்ஹல டிக்கய் புளுவன் – எனக்குச் சிங்களம் கொஞ்சம்தான் தெரியும்
தேருனே நே – விளங்கவில்லை
ஹெமின் கியன்ன – மெதுவாகச் சொல்லுங்கள்
ஆயெ கியன்ன – மறுபடி சொல்லுங்கள்
லியலா பென்னன்ன – எழுதிக் காட்டுங்கள்

"தேருனே நே" என்று சொல்ல வெட்கப்படவேண்டாம். விளங்காமல் தலையாட்டுவதுதான் செலவு. மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் மெதுவாகவே சொல்வார்கள். தெற்கிலிருந்து வருபவருக்கும் தமிழ் தெரியாத சங்கடம் இருக்கிறது. நீங்கள் "கீயத?" என்று கேட்க, அவர் "எவ்வளவு?" என்று திருப்பிச் சொல்லிப் பழகுவதையும் சந்தையில் பார்க்கலாம்.

பயிற்சி

வீட்டில் ஒருவர் வாசிக்க மற்றவர் விடை சொல்லுங்கள். விடைகள் கீழே.

1. ஹெத்தே பஹய் – எவ்வளவு?
2. எக்கசிய ஹத்தலிஹய் – எவ்வளவு?
3. ஹாரசீயய் – எவ்வளவு?
4. ஹத்சிய பனஹய் – எவ்வளவு?
5. தாஹய் – எவ்வளவு?
6. வாங்கிய தக்காளியில் இரண்டு பழுது. என்ன சொல்வீர்கள்?
7. வியாபாரி "சல்லி ஹெட்ட தென்னம்" என்கிறார். என்ன சொல்கிறார்? நீங்கள் என்ன சொல்வீர்கள்?
8. நிறையில் சந்தேகம். என்ன சொல்வீர்கள்?
9. உங்கள் பீற்றூட்டைப் பார்த்து இரண்டு வியாபாரிகள் தங்களுக்குள் "லாபய்" என்கிறார்கள். என்ன விளங்குகிறது?

விடைகள்

1. 75 ரூபா.
2. 140 ரூபா.
3. 400 ரூபா.
4. 750 ரூபா.
5. 1,000 ரூபா.
6. "நரக் வெலா. மேவா மாரு கரலா தென்ன." (பழுதாகிவிட்டது. இவற்றை மாற்றித் தாருங்கள்.)
7. காசு நாளைக்குத் தருவதாகச் சொல்கிறார். "நயட்ட தென்ன பே" என்று சொல்லலாம். நம்பிக்கையான ஆளென்றால் "லியலா தென்ன" என்று எழுதி வாங்குங்கள்.
8. "ஆயெத் கிரன்ன."
9. நீங்கள் சொன்ன விலை குறைவு என்று அவர்கள் நினைக்கிறார்கள்.

இந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப்பையிலோ காசுப்பையிலோ வைத்துக்கொள்ளுங்கள். லொறி வாசலுக்கு வரும் நாளில் எல்லாம் மறந்துபோனாலும் மூன்றை மறக்க வேண்டாம்: கீயத, கீயக் கப்பனவத, லியலா தென்ன. எவ்வளவு, எவ்வளவு கழிவு, எழுதித் தாருங்கள். இந்த மூன்றுக்கும் பதில் விளங்கும்வரை மூட்டையை லொறியில் ஏற்றாதீர்கள்.